திரும்பி ஓடும் பெண்

சசி சார் பழைய மெடல் ஒன்றை என் மேசை மேல் வைத்தார். சாயாக்கடையில் சில்லறையைத் தள்ளுவது போல விரலால் என் பக்கம் தள்ளினார்.

"அண்ணாச்சி, இதே மதி, இதே போதும். புதுசு ஒண்ணும் வேண்டாம்."

எடுத்துப் பார்த்தேன். முலாம் போய்ப் பித்தளை தெரிந்தது. ஒரு பெண்பிள்ளை ஓடுகிறாள். ஒரு கால் மடங்கியிருக்கிறது. ஒரு கால் நீண்டிருக்கிறது. ஜடை பின்னால் பறக்கிறது.

நான் வரைந்தது. நான் வெட்டிய அச்சு.

போன மழை ஓய்கிற சமயம் அது. ஆரியசாலையில் என் பட்டறை மாடியில் இருக்கிறது. கீழே வற்றல் மிளகாய் மண்டி. மூட்டை இறக்கினால் நெடி மேலே ஏறும். தும்மல் வருவது தெரிந்தால் உளியை எஃகிலிருந்து எடுத்துவிட வேண்டும். எனக்கு அது பழகிவிட்டது. சசி சாருக்குப் பழக்கமில்லை. கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பேசினார்.

அவர் போலீஸிலிருந்து ரிட்டயர் ஆனவர். வயது கடந்தவர்களுக்கு ஓட்டப்பந்தயம் நடத்தும் சங்கம் ஒன்றுக்குச் செக்ரட்டரி. இந்த ஊர் மலையாளி. என்னிடம் தமிழில்தான் பேசுவார். அதாவது, தமிழ் என்று அவர் நினைக்கிற பாஷையில்.

"சின்னதிலே இந்த மெடல் கிட்டாதவங்க ஒருபாடு பேர் உண்டு அண்ணாச்சி. இப்போ நாப்பது, அம்பது வயசாச்சு. ஒரு ஆசை இருக்குமல்லே? எல்லாரும் இந்தப் பெண்குட்டியைத்தான் கேக்குது. அச்சு கையில் உண்டோ?"

"இருக்கு."

"பின்னே என்ன? பின்பக்கம் எழுத்தை மட்டும் மாத்திக் கொடுங்க. உங்களுக்கும் எளுப்பம்."

எளுப்பம் என்றால் சுலபம். சுலபம்தான். என் வலது மணிக்கட்டு அப்போது சுத்தியல் பிடித்தாலே கடுத்தது. முகப்பு அச்சு தயாராக இருக்கிறது. எண்ணெய்த் துணியைப் பிரித்து பிரஸ்ஸில் ஏற்ற வேண்டியதுதான்.

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. என் மகள் சங்கரி.

அவள் அரசு பஸ்ஸில் கண்டக்டர். மருமகன் வளைகுடாவில் இருக்கிறார், இவள் எங்களோடு. தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் டியூட்டி இறங்கினால், வீட்டுக்குப் போகும் வழியில் பட்டறைக்கு வந்து ஒரு செம்பு தண்ணீர் குடிப்பாள். சசி சாரைத் தெரியும். அவர் நடத்தும் பந்தயத்துக்கு இவளும் பேர் கொடுத்திருந்தாள். எண்ணூறு மீட்டர்.

மேசை மேல் கிடந்த மெடலைப் பார்த்தாள். செம்பை எடுக்கவில்லை.

"இது வேண்டாம் சார்" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எழுத்து கத்தும், ஆள் கத்தாது

இந்தப் பத்தியில் முந்தின வாரங்களில் ஹோட்டல் டோக்கன், கோயில் காசு பற்றி எழுதினேன். காசோ மெடலோ, வேலை ஒன்றுதான். முதலில் காகிதத்தில் வரைவோம். பிறகு எஃகுக் கட்டையில் குழியாக வெட்டுவோம். அதுதான் அச்சு. அச்சைப் பித்தளை மேல் வைத்து பிரஸ்ஸில் அமுக்கினால், குழி மேடாக வரும். இடது வலதாக வரும்.

அதனால் எல்லாவற்றையும் திருப்பி வெட்ட வேண்டும். இதை நான் ஏழாம் கிளாஸ் தோற்றுப் பட்டறைக்கு வந்த அன்றே சொல்லிவிட்டார்கள்.

எழுத்தைத் திருப்ப யாரும் மறப்பதில்லை. மறந்தால் எழுத்து கத்தும். ஆள் கத்தாது. இடது பக்கம் பார்த்து நின்றாலும் ஆள்தான், வலது பக்கம் பார்த்து நின்றாலும் ஆள்தான். எங்கள் தொழிலில் தவறு வந்தால் அங்கேதான் வரும்.

நகைக்கடைகளுக்கு லட்சுமி காசு நிறைய வெட்டியிருக்கிறேன். லட்சுமி தாமரை மேல் நேராக உட்கார்ந்திருப்பாள். பயமில்லை. உட்கார்ந்தவளை வெட்டுவது சுலபம். ஓடுகிறவளை வெட்டுவதுதான் கஷ்டம்.

ஒரு வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் விளையாட்டு மீட்டுக்கு மெடல் கேட்டார்கள். ஓடுகிற ஆள் வேண்டும் என்றார்கள். நான் யாரையும் ஓடிப் பார்த்ததில்லை. பஸ் பிடிக்க ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேறு ஓட்டம்.

சங்கரி அப்போது ஒன்பதாவது. ஸ்டேடியத்தில் காலையில் பிராக்டீஸுக்குப் போவாள். நானும் போய்ப் படியில் உட்கார்ந்தேன். அவள் கடந்து போகும்போதெல்லாம் ஒரு காலை வரைந்தேன், ஒரு கையை வரைந்தேன். முந்தின நாள் விழுந்து வலது முழங்காலில் கட்டு. அந்தக் கட்டையும் வரைந்தேன். அவள் இடமிருந்து வலமாக ஓடினாள். படத்திலும் அப்படியே ஓடினாள்.

அச்சிலும் அப்படியே வெட்டிவிட்டேன்.

பின்பக்கத்து எழுத்தை ஒழுங்காகத் திருப்பி வெட்டியிருக்கிறேன். முன்பக்கத்துப் பிள்ளையைத் திருப்ப மறந்துவிட்டேன். வெட்டும்போது மெழுகில் ஒற்றிப் பார்ப்பதுண்டு. துண்டு துண்டாகத்தான் ஒற்றுவேன். முழங்கால் சரி. ஜடை சரி. முழு ஆள் எந்தப் பக்கம் போகிறாள் என்று பார்க்கவில்லை.

எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கிக் கெட்டிப்படுத்திய பிறகு, ஈயத்தில் ஒன்று அடித்துப் பார்த்தேன். சங்கரி வலமிருந்து இடமாக ஓடினாள். கட்டு இடது முழங்காலில் இருந்தது.

மறுபடி வெட்ட நாளில்லை. கேட்டவர்கள் வந்து பார்த்தார்கள். "ஒண்ணாந்தரம்" என்றார்கள். எடுத்துக்கொண்டு போனார்கள்.

வகிடு

இதோடு ஒன்று ஞாபகம் வருகிறது. சொல்லிவிட்டுத் திரும்புகிறேன்.

ஒரு டாக்டர் ரிட்டயர் ஆனார். கூட இருந்தவர்கள் அவர் முகம் போட்டு மெடல் அடிக்கச் சொன்னார்கள். இந்தத் தடவை எல்லாவற்றையும் கவனமாகத் திருப்பி வெட்டினேன். மாதிரியை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

டாக்டர் பார்த்தார். "வகிடு மாறிப்போச்சு" என்றார்.

அவர் தலையைப் பார்த்தேன். வழுக்கை. கேட்க முடியாது.

அவருடைய மனைவி சாயா கொண்டுவந்தார். மெடலை வாங்கிப் பார்த்தார். "வகிடு சரியாத்தான் இருக்கு" என்றார். டாக்டர் விடவில்லை. தினமும் வகிடு எடுத்தவன் நானல்லவா என்றார். அந்த அம்மா சிரித்தார். "நீங்க கண்ணாடியில பார்த்து எடுத்தீங்க. நான் உங்களைப் பார்த்தேன்" என்றார்.

சாயா நன்றாக இருந்தது. இஞ்சி போட்டிருந்தார்கள்.

மிஷின் கால்

அந்த ஈயத் துண்டை வீட்டுக்குக் கொண்டுபோனேன். சங்கரி படித்துக்கொண்டிருந்தாள். கொடுத்தேன்.

கையில் வைத்துப் பார்த்தாள். "நானா இது?" என்றாள். பிறகு, "அப்பா, என்னைத் திருப்பி ஓட விட்டிருக்கீங்க" என்றாள்.

அதைக் கண்டுபிடித்தது அவள் ஒருத்திதான். இன்றுவரை வேறு யாரும் கேட்டதில்லை.

"வச்சுக்கோ" என்றேன்.

"வேண்டாம். ஓடி ஜெயிச்சு நல்லதா வாங்கிக்கிடுதேன்."

திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மீட் அன்று நானும் போனேன். எண்ணூறு மீட்டருக்கு அத்தனை பிள்ளைகள். கோட்டில் இடம் போதாமல் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக நின்றார்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் ஒரே தூசி. சங்கரி எங்கே என்று தெரியவில்லை. கடைசி வளைவில் தெரிந்தாள். முன்னால் மூன்று பேர்தான் இருந்தார்கள். அந்த மூன்று பேரும் கடைசிவரை முன்னாலேயே இருந்தார்கள்.

நாலாவது.

மூன்று பிள்ளைகளின் கழுத்தில் மெடலை மாட்டினார்கள். சங்கரி கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கை தட்டினாள். பத்தாம் கிளாஸோடு ஓட்டம் நின்றது. யாரும் நிறுத்தவில்லை. நின்றுவிட்டது.

அந்த அச்சு தேயவில்லை. எஃகு நல்ல எஃகு. வருஷா வருஷம் அதே மெடல் கேட்டார்கள். அடித்துக் கொடுத்தேன். ஆண்பிள்ளைகளுக்கும் அதே ஜடை போட்ட பெண்தான்.

ஈயத் துண்டு மூலையில் கிடந்தது. என் மனைவி கோமதி ஜாக்கெட் தைப்பாள். அந்த வீட்டில் தரை சரியில்லை. தையல் மிஷின் ஒரு பக்கம் ஆடும். அவள் ஈயத்தை எடுத்து மிஷின் காலுக்கு அடியில் வைத்தாள். அளவாக நின்றது.

"ஏ, அது பிள்ளையோட மெடல்லா?" என்றேன்.

"மெடலுன்னா கழுத்துல கெடக்கணும். மூலையில கெடந்தா அது ஈயம்" என்றாள்.

பிறகு வீடு மாறினோம். மறுபடியும் மாறினோம். மிஷினோடு அதுவும் வந்தது. எந்த வீட்டிலும் தரை சரியாக இருந்ததில்லை.

இறக்கி விட்டுருங்க

பட்டறைக்கு வருகிறேன்.

"ஏன் வேண்டாம்?" சசி சார் கேட்டார்.

"அதுல இருக்கது நான்தான் சார்."

சசி சார் கண்ணாடியை எடுத்து மாட்டினார். மெடலைப் பார்த்தார். சங்கரியைப் பார்த்தார். மறுபடி மெடலைப் பார்த்தார்.

"இதுவோ? இது மெலிஞ்ச குட்டியாக்கும்."

"காலையிலேருந்து பஸ்ஸுல நின்னு டிக்கெட் கொடுத்து, கெடச்ச எடத்துல பரோட்டா தின்னு பாருங்க. நீங்களும் இப்படித்தான் ஆவீங்க."

சசி சார் விழுந்து விழுந்து சிரித்தார். கர்ச்சீப் கீழே விழுந்தது. மிளகாய் நெடி ஏறித் தும்மினார். பிறகு மேசையைத் தட்டினார்.

"அப்போ இதுதான் வேணும் கேட்டோ! ஸ்டேஜில் மைக்கில் சொல்லலாம். மெடல்ல உள்ள ஆளே ஓட வந்திருக்குன்னு. பத்திரிகைக்காரங்களை விளிக்கலாம்."

"சொன்னீங்கன்னா நான் ஓட மாட்டேன்."

அவர் சிரிப்பு நின்றது.

சங்கரி பையைக் கழற்றி முக்காலி மேல் வைத்தாள். "சார், அன்னைக்கு நான் நாலாவது. மூணு பேரு என்னைக் கழுத்துல மாட்டிட்டுப் போனாங்க. இப்பவும் தோத்தா இன்னும் மூணு பேரு மாட்டிட்டுப் போவாங்க. ஜெயிச்சா என் கழுத்துல நானே தொங்கணும். ரெண்டும் எனக்கு வேண்டாம்."

என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, இந்த ஒரு தடவை என்னை எறக்கி விட்டுருங்க."

சர்க்கரை இருக்கிறது, நட என்று டாக்டர் சொல்லித்தான் அவள் மறுபடி ஸ்டேடியத்துக்குப் போனாள். நடை எப்போது ஓட்டமானது என்று எனக்குத் தெரியாது. விடியற்காலையில் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கதவைத் திறப்பாள். எனக்கு விழிப்பு வந்துவிடும். கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. ஒரு மெடல் வாங்க வேண்டும் என்று இருந்திருக்கிறது.

"வேற வெட்டுதேன்" என்றேன்.

"கையில் வேதனைன்னு பறஞ்சது?" என்றார் சசி சார்.

"வேதனைதான். மெள்ள வெட்டுதேன்."

தோசை

என்ன வெட்டுவது என்று தெரியவில்லை. வேறு ஆளை வரைய மனசில்லை. தீப்பந்தம் வரைந்தேன். ஐஸ்கிரீம் போல இருந்தது. ஷூ வரைந்தேன். செருப்புக்கடை விளம்பரம்.

ஒரு நாள் காலையில் ஸ்டேடியத்துக்குப் போனேன். மழை பெய்து விட்டிருந்தது. யாரும் இல்லை. சங்கரிக்கு அன்று காலை டியூட்டி. ஓடுபாதையில் வெள்ளைக் கோடுகள் மட்டும் ஈரமாக வளைந்து போயின. அதை வரைந்தேன். வளைகிற கோடுகள், குறுக்கே ஒரு முடிவுக் கோடு. அவ்வளவுதான்.

பாதை எப்போதும் இடது பக்கம்தான் வளையும். எல்லாரும் இடது பக்கம்தான் திரும்பி ஓட வேண்டும். படத்தை மெல்லிய தாளில் எடுத்து, தாளைக் கவிழ்த்துப் போட்டு, எஃகில் பதித்தேன். வெட்டும்போது எதிரே ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்தேன். கண்ணாடியில் இடது பக்கம் வளைகிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொண்டேன்.

கோடு வெட்டுவது முகம் வெட்டுவதை விடக் கஷ்டம். முகத்தில் சின்னக் கோணல் இருந்தால் அது ஒரு முகம். கோட்டில் இருந்தால் கோணல்தான். கொஞ்சம் வெட்டுவேன். கை கடுக்கும். வெந்நீரில் வைப்பேன். மறுபடி வெட்டுவேன். கண்ணும் முன்போல இல்லை. முதுகும் இல்லை. மெஷினில் வெட்டிக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள். நானும் கொடுப்பதுண்டு. இதைக் கொடுக்கவில்லை.

அளவு பழைய அளவு. தடிமனும் அதேதான். என் பிரஸ்ஸுக்கு அதுதான் பழக்கம்.

முதலில் அடித்ததைக் கோமதியிடம் காட்டினேன்.

"என்ன இது? தோசை மாதிரி இருக்கு."

"ஓடுற பாதை."

"ஆளு எங்க?"

"ஆளில்லை."

கரண்டி சுற்றின தோசை போலத்தான் இருந்தது. சசி சாரும் வந்து பார்த்தார். "கொள்ளாம்" என்றார். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். முகத்தில் அந்தக் கொள்ளாம் இல்லை. இருந்தாலும் எடுத்துக்கொண்டு போனார். நல்ல மனுஷன்.

மூன்று பேர்

பந்தயத்தன்று கோமதியும் வந்தாள். குடையும் முறுக்கும் கொண்டுவந்தாள். ஸ்டேடியம் முழுக்கத் தைல வாசனை. எல்லார் முழங்காலிலும் துணி உறை. ஒரு தாத்தா குண்டு எறிந்துவிட்டு, தானே போய் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

சங்கரியின் வயதுக்காரர்களை மைக்கில் கூப்பிட்டார்கள். ஆறு பேர் பேர் கொடுத்திருந்தார்களாம். சங்கரி வந்து நின்றாள். நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து வந்த ஒல்லியான பெண் ஒருத்தி வந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் ஒருத்தி வந்து நின்றாள்.

மறுபடி கூப்பிட்டார்கள். வேறு யாரும் வரவில்லை.

"மூணே பேரா?" கோமதி என் கையைப் பிடித்தாள். "அப்ப மெடல் நிச்சயம்!"

சங்கரி இரண்டு பக்கமும் பார்த்தாள். காலியாகக் கிடந்த கோட்டைப் பார்த்தாள். எங்கள் பக்கம் பார்த்தாள். போய்விடுவாளோ என்று நினைத்தேன். குனிந்து ஷூக் கயிற்றை இறுக்கினாள்.

இரண்டு சுற்று. முதல் வளைவிலேயே மற்ற இருவரும் முன்னால் போய்விட்டார்கள். டீச்சர் குதிரை மாதிரி. சங்கரி தனியாக வந்தாள். முன்னாலும் ஆளில்லை, பின்னாலும் ஆளில்லை. அவர்கள் முடித்து, தண்ணீர் குடித்து, அதற்குப் பிறகு வந்து சேர்ந்தாள். ஓட்டத்தை விடவில்லை. நடக்கவும் இல்லை.

கோமதி முறுக்குப் பொட்டலத்தோடு கை தட்டினாள்.

சசி சார்தான் மெடலை மாட்டினார். பழைய மெடலில் உள்ளவள் இவள்தான் என்று மைக்கில் சொல்லவில்லை. சங்கரி கேட்டுக்கொண்டபடி நடந்தார்.

ஆட்டோவில் திரும்பினோம். பழவங்காடி வந்ததும் கோமதி பிள்ளையாரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"என்னட்டி மூஞ்சி? மூணாவது வந்திருக்க."

"கடைசியா வந்திருக்கேன்."

"மூணாவதுன்னுதானே மைக்குல சொன்னாவ?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

நாடா

வீட்டில் கோமதி அடுப்பைப் பற்றவைத்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். சங்கரி தரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். மெடலைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வளைகிற கோடுகள். குறுக்கே ஒரு கோடு.

"வளைவு சரியா இருக்கு" என்றாள்.

"ம்."

"யாருமே இல்லை இதுல."

அவள் கேட்டதுதான்.

கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா, அன்னைக்கு எத்தனை பேரு ஓடினோம்?" என்றாள்.

"எண்ணலை. கோட்டுல எடம் பத்தலை. ரெண்டு வரிசையா நின்னீங்க."

"அதுல நாலாவது."

"ஆமா."

பிறகு தரையிலேயே நகர்ந்து தையல் மிஷின் பக்கம் போனாள். தோளைக் கொடுத்து மிஷினைத் தூக்கினாள். காலுக்கு அடியிலிருந்து ஈயத் துண்டை இழுத்தாள்.

"ஏட்டி, என்ன செய்யுத?" கோமதி கரண்டியோடு வந்தாள். "ஜாக்கெட் பாதியில கெடக்கு. மிஷின் ஆடும்!"

சங்கரி அன்று வாங்கிய மெடலை ரிப்பனிலிருந்து கழற்றினாள். ஈயம் கிடந்த இடத்தில் வைத்தாள். மிஷினை இறக்கினாள்.

"ஆடாது" என்றாள்.

ஈயத்தைப் புரட்டி டீ ஷர்ட் நுனியால் துடைத்தாள். பின்பக்கத்தில் மிஷின் கால் குழியாகப் பதிந்திருந்தது. முகப்பு தரையோடு கிடந்ததில் மூக்கு தேய்ந்து போயிருந்தது. ஜடை இருந்தது. கால்கள் இருந்தன. இடது முழங்காலில் கட்டு இருந்தது.

"மூக்கு போச்சே அப்பா."

"போச்சு."

"இப்பவும் திரும்பித்தான் ஓடுதேன்."

"ஆமா."

"இதுக்கு ஒரு துளை போட்டுத் தாங்க."

கைத்துளைப்பானை எடுத்தேன். ஈயம் மெத்து. கை கடுப்பதற்கு முன்பே துளை விழுந்துவிட்டது. ஜடைக்குக் கொஞ்சம் மேலே போட்டேன். தலைக்கு நேராகப் போட்டால் பின்னால் சாயும்.

புது மெடலின் ரிப்பன் பட்டை. துளையில் நுழையவில்லை. கோமதி தையல் கூடையைத் துழாவி ஒரு நாடாவை எறிந்தாள். பாவாடை நாடா. சங்கரி கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அப்படியே சாப்பிட உட்கார்ந்தாள். தோசைதான்.

கோமதி அடுப்பை அணைத்துவிட்டு வந்து மிஷினில் உட்கார்ந்தாள். பாதியில் கிடந்த ஜாக்கெட்டை ஊசிக்கு அடியில் வைத்து மிதித்துப் பார்த்தாள்.

ஆடவில்லை.